கைப்பிடியும் சேர்த்து

நாற்பது, முப்பது, இருபது.
மார்பு, இடுப்பு, கைநீளம் இல்லை.
கல்லடியில் பதினெட்டு வருசமாய்
உடம்புகளைச் சுற்றிவந்த இதே நாடாவால்
முதல் தடவையாக
ஒரு விமான இருக்கையின் கீழே கிடக்கும் இருட்டை அளக்கிறேன்.

யுதர்சினி டென்மார்க்குக்குத் திரும்புகிறாள்.
கொழும்பிலிருந்து மிலான் வரைக்கும் முப்பது கிலோ விடுவார்களாம்.
மிலானிலிருந்து பில்லுண்டுக்கு
ஒரு சின்னப் பை. ஒன்றே ஒன்று.
"ரிக்கற் பத்தொன்பது யூரோதான் அக்கா,
பெட்டி கொண்டுபோனால் பெட்டிக்கு ஐம்பத்திமூன்று."
ஆளைவிடப் பெட்டிக்குக் காசு கூட.

என் அளவுக் கொப்பியின் கடைசித் தாளில்
அவளே கோடு போட்டாள்.
மஞ்சள் வால்காரன் கடுமை, மலிவு.
செம்மஞ்சள்காரன் ஐந்து சென்ரிமீற்றர் கூடத் தருவான்,
விடிய நாலு மணிக்கு ஏறவேண்டும்.
ஊதாக்காரன் மேல்தட்டில் வைக்க விடுவான்,
முதலே கட்டினால்.
இன்றைக்கென்றால் இருபத்திநாலு,
நாளைக்கு இருபத்தொன்பது,
வாசலில் பிடித்தால் எழுபது.
இறால் விலையும் இப்படித்தான் நேரத்துக்கு நேரம் மாறும்,
ஆனால் வெயில் ஏற ஏற இறால் மலியும்.

எழுபதை ரூபாயாக்கிப் பார்த்தேன்:
மூன்று கிழமைப் பள்ளிச் சீருடை.
வாய் திறக்கவில்லை.

சக்கரமும் கணக்கு.
கைப்பிடியும் சேர்த்து.
பிதுங்கினால் பிதுங்கினதும் சேர்த்து.
உடுத்திருப்பது மட்டும் கணக்கில்லை.
இதைச் சொல்லும்போது அவள் குரல் தணிந்தது,
கடைக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்க.

அப்படிப் பிறந்தது அந்தக் கோட்டு.
வெளியே கறுப்பு, உள்ளே பதினொரு பொக்கற்.
இடப்பக்கம் கூனி, மூன்று மடிப்புப் பொலித்தீனில்.
வலப்பக்கம் வறுத்த தூள்.
முதுகில் பஞ்சுக்குப் பதிலாய்
நாலாய் மடித்த மருதமுனைச் சாறி.

"தயிர்?" என்று முட்டியோடு வந்து நின்றார்
அவளுடைய தாய் கமலேஸ்வரி.
தயிர் தண்ணியா, கட்டியா?
அரை மணித்தியாலம் வழக்கு நடந்தது.
முட்டியைக் கவிழ்த்தே காட்டினார். ஒரு துளி விழவில்லை.
படுவான்கரை எருமைக்குத் தெரிந்தது
நூறு மில்லிலீற்றர்க்காரனுக்கு எங்கே தெரியும்?
சீனி போட்டு நாங்களே தின்றோம்.

பிஸ்கற் பெட்டி மட்டையில் ஒரு கூடு வெட்டி ஒட்டினேன்,
பை இறங்குதா என்று பார்க்க.
இறங்கியது, மூலையில் கொஞ்சம் முனகி.
பிறகு ஒழுங்கையே வந்து
தன் தன் பையை இறக்கிப் பார்த்தது:
கட்டாருக்குப் போகக் காத்திருக்கும் புவிதரன்,
எங்கேயும் போகாத ரியூசன் பிள்ளைகள்.

தொண்ணூறில் அம்மா
மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டி
வாவிக்கரையால் நடந்தார்.
பன்னிரண்டு கிலோ இருக்கும்.
எதை விடுவது என்று அவருக்கு யாரும் அட்டவணை தரவில்லை.
அந்தத் தலைதான் இப்போது
பதினோராவது பொக்கற்றை அடித்து முடிக்கிறது.

வெள்ளிக்கிழமை குரல்பதிவு வந்தது:
"வாசலில் ஒருத்தரும் பையைப் பார்க்கவே இல்லை அக்கா.
வேர்த்து ஊத்தினதுதான் மிச்சம்.
கூனி மணத்துக்குப் பக்கத்து சீற்றுக்காரன் எழும்பிப் போயிற்றான்,
கால் நீட்டிப் படுத்து வந்தன்.
அதுக்குக் காசு கேட்கேல்ல."

மட்டைக்கூடு இன்னும் மேசைக்குக் கீழே.
மத்தியானங்களில் கடைப்பூனை அதற்குள் சுருண்டு கிடக்கிறது,
நாற்பது, முப்பது, இருபதுக்குள்
முதுகும் வயிறும் நாலு காலும் ஒழுங்காய்.
வால் மட்டும் வெளியே.

எழுபது யூரோ.